மறுப்பு வராவிட்டால்

மே 2

மே மாதத்தில் டைரி ஆரம்பிக்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பாங்க்கில் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த டைரி. ஓசூருக்கு மாற்றலாகிப் போகும்போது வைத்துவிட்டுப் போய்விட்டார். ஜனவரியிலிருந்து காலியாகக் கிடக்கிறது, பாவம்.

ஆபீஸில் புது டூல் வந்திருக்கிறது. "இனிமே யாரும் உங்க டேபிளுக்கு வந்து சண்டை போட முடியாதுங்க மேடம்" என்றார் மேனேஜர் ரகுபதி சார். என்னிடம் யாரும் சண்டைக்கு வந்ததாக ஞாபகம் இல்லை. அழுவார்கள், போய்விடுவார்கள்.

என் வேலையையும் எழுதி வைக்கிறேன், முதல் பக்கம் என்பதால். எங்கள் கம்பெனி கிரைண்டரும் மிக்ஸியும் வாங்கியவர்கள் ரிப்பேர் என்று போன் செய்தால் எடுத்துப் பேச ஒரு ஹால் நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேசியதைப் பதிவில் கேட்டு மதிப்பெண் போடுவது நான். வணக்கம் சொன்னாளா, வளவளவென்று பேசாமல் இருந்தாளா, கடைசியில் 'வேறு ஏதாவது உதவி வேண்டுமா' என்று கேட்டாளா. சில தப்புகளுக்கு மொத்தமும் பூஜ்யம். நான் போட்டது அநியாயம் என்று நினைப்பவள் மறுப்புப் போடலாம். ஒரு வாரத்துக்குள் மறுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகப் பொருள். இந்த விதியை நான் எழுதவில்லை. ஆனால் நல்ல விதி.

மே 3

அவர் வந்திருந்தார். மத்தியானம் சாப்பிட்டார். அயர்ன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஓசூரில் துணி தேய்க்கிற கடையே இல்லையாம். அவ்வளவு பெரிய ஊரில்.

மே 6

டூலை எழுதிய ஜோவின் பெங்களூரிலிருந்து போனில் சொல்லிக் கொடுத்தார். மறுப்புகள் எல்லாம் எங்கோ ஒரு சர்வரில் இருக்கின்றன. நான் தேதியும் பெயரும் அடித்து பட்டனை அழுத்தினால், டூல் ஏபிஐ வழியாக அங்கே கேட்டு எடுத்துவரும்.

"ஏபிஐன்னா என்னங்க?" என்றேன்.

"ரேஷன் கடை ஜன்னல்னு வச்சுக்குங்க மேடம். நீங்க உள்ள போக முடியாது. கார்டுல இருக்கிற பேரைச் சொன்னா சரக்கு வெளிய வரும். பேர் கார்டுல இல்லைன்னா இல்லைன்னு சொல்லும்."

"ஏன் இல்லைன்னு சொல்லுமா?"

"அதைச் சொல்லாதுங்க."

ரேஷன் கடை நன்றாகப் புரிந்தது. கல்யாணமான புதிதில் அப்பா வீட்டுக் கார்டில் என் பெயரை அடித்துவிட்டு, இவர் வீட்டுக் கார்டில் ஏற்றுவதற்குள் நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் நான் எந்தக் கார்டிலும் இல்லை. சர்க்கரை மட்டும் எப்படியோ வந்துகொண்டிருந்தது.

மே 7

பால்காரர் வணக்கம் சொல்லாமல் பேசினார். ஐந்து மதிப்பெண் போச்சு.

மே 11

மாதக் கடைசியில் பெங்களூருக்கு ஒரு பட்டியல் போகும். சராசரி எண்பதுக்குக் கீழே இருக்கிறவர்கள் அதில் வருவார்கள். மறுப்பு நிலுவையில் இருந்தால் தீர்க்கும்வரை தொட மாட்டார்கள். மறுப்பே இல்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த மாதப் பட்டியல் 29ஆம் தேதி போகிறது.

இன்று எல்லோருடைய மறுப்பையும் இழுத்துப் பார்த்தேன். ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் வந்தது. மிக்ஸி ஜாடி வாங்கியவரை 'சார்' என்று கூப்பிட்டதற்கு மதிப்பெண் குறைத்தேனாம், அது சார்தானாம், குரல் மட்டும்தான் பெண் குரலாம். இன்னொருத்தி, தும்மலைத் தொழில்முறை அல்லாத சத்தம் என்று நான் எழுதியதை மறுத்திருக்கிறாள். தும்மல் தும்மல்தான். நிராகரித்தேன்.

பட்டியலில் முதல் பெயர் எம். பொன்மணி. சராசரி அறுபத்தொன்று. மறுப்பு: இல்லை. மறுபடி இழுத்தேன். இல்லை.

எல்லாம் நான் போட்ட மதிப்பெண்தான். ஒரே கஸ்டமரிடம் இரண்டு மூன்று தடவை திரும்பக் கேட்கிறாள், "இன்னொருக்கா சொல்லுங்", "என்னங், கேக்கலீங்" என்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் குறைப்பு. பேச்சின் நடுவே மௌனம். அதற்குத் தனி. எனக்கு யார் இருந்தாலும் போனாலும் ஒன்றுதான். ஆனால் மறுக்கக்கூடவா மாட்டாள் ஒரு பெண்?

மே 12

டீ நேரத்தில் பொன்மணியைக் கூப்பிட்டேன். ஒல்லியான பெண். ஹெட்செட்டை வலது காதில் மட்டும்தான் மாட்டுவாள். பீளமேட்டில் லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டுக்காரர் அன்னூரில். ஷிப்டுக்குப் போய்வரச் சிரமம் என்று இங்கே தங்கியிருப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

"நீ ஒண்ணுக்குக் கூட மறுப்புப் போடலைன்னு வருது."

"போட்டேனுங்க்கா. ஒண்ணு விடாமப் போட்டேன்."

"டூல் பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்றனுங்களா?"

29ஆம் தேதியைப் பற்றி மட்டும் சொன்னேன். டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"இந்த வேலை போச்சுன்னா ஹாஸ்டல்ல இருக்க ஒரு காரணம் இல்லீங்க்கா. அன்னூருக்குத்தான் போகணும்."

"போனா என்ன? உங்க வீட்டுக்காரர் அங்கதானே இருக்கார்?"

"அதுதானுங்க்கா" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

இதெல்லாம் ஒரு பதிலா? முழுமையற்ற விடை, மூன்று மதிப்பெண்.

மே 14

அவர் போன் செய்தார். அழைப்பு நேரம் குறைவு. 'சாப்பிட்டியா' கேட்டார், பதிலுக்கு நிற்கவில்லை. பின்னணிச் சத்தம்: குக்கர் விசில். மூன்றாவது விசிலில் யாரோ அடுப்பை அணைத்தார்கள். அவர் என்னோடு பேசிக்கொண்டேதான் இருந்தார். கூட யாராவது ஆபீஸ்காரர் தங்கியிருப்பார்.

மே 15

ஜோவினிடம் கேட்டேன், போட்ட மறுப்பு காணாமல் போகுமா என்று. சர்வரில் விழுந்தது விழுந்ததுதான், போகாது என்றார். "வேற பேர்ல விழுந்திருந்தா உங்களுக்குத் தெரியாது மேடம். புது ஸ்கிரீன் வந்தப்ப அவங்கவங்க பேரை அவங்கவங்களே அடிச்சாங்க. நீங்க எச்.ஆர். ரெக்கார்டுல இருக்கிற பேரை அடிக்கறீங்க. ரெண்டும் பொருந்தினாத்தான் எடுத்துட்டு வரும்."

ஒரு பெண் தன் பெயரைத் தானே தப்பாக அடிப்பாளா என்ன?

மே 17

அவர் வந்தார். குளிர்கால ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டார். மே மாதம். அப்புறம் பெரிய குக்கர், இட்லித் தட்டு. "மெஸ் சாப்பாடு ஒத்துக்கல. நானே செஞ்சுக்கறேன்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெந்நீர் வைத்தவர் இல்லை. கற்றுக்கொள்கிறார், நல்லது.

பக்கத்து வீட்டு அம்மிணியக்கா படியில் நின்றுகொண்டு, "ஏனுங், சாரு ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போறாப்பல இருக்குது?" என்றாள். ஓசூரில் எல்லாம் விலை அதிகம் என்றேன்.

மே 18

பொன்மணியை என் மேஜைக்கு வரச் சொல்லி, அவள் ஸ்கிரீனைத் திறக்கச் சொன்னேன். மேலே பெயர் இருந்தது. சி. பொன்மணி.

"சி யாரு?"

"எங்கப்பாவுங்க்கா. சின்னச்சாமி."

"எச்.ஆர்.ல எம்னு இருக்கே. வீட்டுக்காரர் பேர் மயில்சாமின்னு."

"ஆமாங்க்கா." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பேரை அடிங்கன்னாங்க. பொன்மணின்னு அடிச்சுட்டேன். எம் அடிக்கக் கை போகலீங்க்கா."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவளே இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "இந்தப் பக்கம் சரியாக் கேக்காதுங்க்கா. போன வருசம் அன்னூர்ல இருந்தப்ப ஆனதுங்க்கா."

நான் டூலில் சி. பொன்மணி என்று அடித்து பட்டனை அழுத்தினேன். வந்துகொண்டே இருந்தது. ஒன்று விடாமல் போட்டிருக்கிறாள். ஒவ்வொன்றிலும் ஆய்வாளர் என்ற இடத்தில் என் பெயர்.

மே 19

இரண்டு பெயரையும் ஒன்றாக்க முடியுமா என்று ஜோவினைக் கேட்டேன். முடியும், ஆனால் ஸ்கிரீனில் ஒரு தடவை அடித்த பெயரை மாற்ற முடியாது, எச்.ஆரில்தான் இனிஷியல் மாற்றித் தர வேண்டும், அதற்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும், காரணமும் எழுத வேண்டும் என்றார். பொன்மணியிடம் சொன்னேன்.

"ரகுபதி சாரும் அன்னூருங்க்கா. அவருக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

"சொன்னா என்ன? நீ என்ன தப்புப் பண்ணினே?"

"தங்கச்சிக்கு ஆவணில கல்யாணமுங்க்கா. அக்கா வாழாம வந்துட்டான்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்ல என்ன சொல்வாங்களோ? அது முடியட்டும். அதுவரைக்கும் நான் ஷிப்டுக்காக ஹாஸ்டல்ல இருக்கறேன். அவ்வளவுதானுங்க்கா."

எத்தனை நாளைக்குத்தான் ஒரு பெண் இப்படி ஊரை நம்பவைக்க முடியும்? எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்தும் போகவில்லை. அம்மிணியக்கா 'சாரு எப்ப வர்றாரு' என்று கேட்டாள். அடுத்த வாரம் என்றேன்.

மே 20

ஒரு வழி இருக்கிறது. பெயர் பொருந்தாவிட்டாலும் மறுப்புக்கு ஒரு எண் உண்டு. மதிப்பெண் போட்ட ஆய்வாளர் அந்த எண்ணை வைத்து மறுப்பைத் திறந்து தீர்ப்புச் சொல்லலாம். ஏற்றுக்கொண்டால் அந்த அழைப்பின் மதிப்பெண் மாறிவிடும். சராசரி தானாக ஏறும். யார் கையெழுத்தும் வேண்டாம்.

ஒரே சிக்கல், நான் ஏற்கிற ஒவ்வொன்றும் நான் போட்டது தப்பு என்று என் கணக்கில் ஏறும். இந்தக் கிளையில் துல்லியத்தில் முதல் ஆள் நான்தான். கேடயம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். டிவி மேல் இருக்கிறது. அதை அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை.

எழுதிவைக்கிறேன்: பாவம் பார்த்து எதையும் ஏற்கப் போவதில்லை. ஒவ்வொன்றையும் முழுக்கக் கேட்டுத்தான்.

மே 21

கேட்டேன். 'இன்னொருக்கா சொல்லுங்' எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன். கஸ்டமர்கள் யாரும் கோபப்படவே இல்லை. இரண்டாவது தடவை சொல்லும்போது இன்னும் தெளிவாகச் சொல்கிறார்கள். இதை நான் முன்பே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஈரோட்டுக்காரர் ஒருவரிடம் சிரித்ததற்குக் குறைத்ததை நிராகரித்தேன். கிரைண்டரில் எலி விழுந்தது என்றால் சிரிக்கக் கூடாது.

மே 22

மீதியில் பாதி முடிந்தது. சராசரி எழுபத்துமூன்று. வாழைக்காய் வறுவல், ரசம். ரசம் மிஞ்சிவிட்டது. எப்போதும் இரண்டு பேருக்கே வைத்துத் தொலைக்கிறேன்.

மே 25

நேற்று அவர் வரவில்லை. போனும் இல்லை. அடுத்த ஞாயிறு வருவதாக இன்று மெசேஜ். கூடவே: "கிரைண்டரைத் துடைச்சு வை."

மே 26

ஒரு அழைப்பில் வந்து நின்றிருக்கிறேன். நான் மொத்தமும் பூஜ்யம் போட்டது. பொள்ளாச்சியிலிருந்து ஒரு பெண்மணி. கிரைண்டர் கல் சுற்றவில்லை. மெக்கானிக்கை எப்போது அனுப்பலாம் என்று பொன்மணி கேட்கிறாள். "எங்க வீட்டுக்காரர் பேர்ல வாங்கினதுங்க. அவர் வந்ததும் சொல்றனுங்" என்கிறார் அந்தப் பெண்மணி.

"எப்ப வருவாருங்?"

அப்புறம் மௌனம். மிக நீளமான மௌனம். ஒரு சேவல் கூவுகிறது. பஸ் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போகிறது. பொன்மணி 'ஹலோ' சொல்லவில்லை, லைனில் இருக்கிறீர்களா என்று கேட்கவில்லை. இருக்கிறாள், அவ்வளவுதான்.

"தெரியலீங்" என்கிறார் அந்தப் பெண்மணி கடைசியில்.

"பரவால்லீங். நீங்களே இருந்தாப் போதுமுங். உங்க பேர்லயே போட்டுக்கறேன்."

நான் எழுதியிருந்தது: 'தேவையற்ற சொந்தக் கேள்வி. மௌனம். அனுமதியின்றிப் பதிவு பெயர் மாற்றம். பூஜ்யம்.' விதிப்படி அதில் ஒரு எழுத்துக் கூடத் தப்பில்லை.

இந்த அழைப்பை இன்று ஐந்து தடவை கேட்டேன். தர ஆய்வுக்காக.

மே 27

ஏற்றுக்கொண்டேன். காரணம் எழுதும் கட்டத்தில் 'கஸ்டமர் லைனில்தான் இருந்தார்' என்று எழுதினேன்.

சராசரி எண்பத்திரண்டு.

மே 29

பட்டியல் பெங்களூருக்குப் போனது. பொன்மணி அதில் இல்லை. கேன்டீனில் என்னைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். உட்கார் என்றேன். எல்லோரும் பார்க்கிறார்கள்.

ரகுபதி சார் கூப்பிட்டனுப்பினார். "என்னாச்சுங்க மேடம்? ஒரே மாசத்துல உங்க துல்லியம் அதல பாதாளத்துக்குப் போயிருச்சு. பெங்களூர்ல கேக்கறாங்க."

"காது சரியில்லைங்க சார். இப்பச் சரியாயிருச்சு."

புதிதாகச் சேர்ந்தவர்களோடு உட்கார்ந்து நான் மறுபடி பயிற்சி எடுக்க வேண்டுமாம். கேடயத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டாலும் தந்துவிடுவேன், தூசி தட்டி மாளவில்லை.

மே 31

அவர் வந்தார். சாப்பிட்டார். கிரைண்டர் துடைக்காமல் இருந்ததைப் பார்த்து முகம் சுளித்தார். ஒயரைச் சுருட்டி, கல்லைத் தனியாக எடுத்து ஒரு சாக்கில் போட்டார். வாசலில் ஆட்டோ நிற்க வைத்திருந்தார்.

"அது இங்கயே இருக்கட்டுங்க" என்றேன்.

"ஏன்?"

"எனக்கு வேணும்."

"ஒரு ஆளுக்கு எதுக்கு சுகந்தி கிரைண்டர்? மாவுதான் பாக்கெட்ல விக்குதே."

நான் கேட்டேன். "அங்க எத்தனை பேருக்குங்க ஆட்டணும்?"

அவர் நிமிரவில்லை. சாக்கின் வாயைப் பிடித்தபடி குனிந்தே இருந்தார். நான் 'என்ன' என்று கேட்கவில்லை. வேறு பேச்சுக்கு மாறவும் இல்லை. அவர் கஷ்டப்படும்போதெல்லாம் ஒரு பதிலை நானே எடுத்துக் கொடுப்பது என் பழக்கம். அதையும் செய்யவில்லை. ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். மேலே யாரோ துணி துவைத்தார்கள். போதுமான நேரம் கொடுத்தேன்.

மறுப்பு வரவில்லை. வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகப் பொருள்.

சாக்கிலிருந்து கல்லை நானே எடுத்து மேடைமேல் வைத்தேன். நல்ல கனம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது வாய் தானாகக் கேட்டுவிட்டது: "வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

வெறுங்கையோடு ஆட்டோவில் ஏறிப் போனார். கதவைச் சாத்திவிட்டு அழுதேன். சத்தமாகவே அழுதேன். அம்மிணியக்கா வந்து கதவைத் தட்டினாள். திறந்தேன். அவர் ஓசூரிலேயே இருப்பார், இனிமேல் வரமாட்டார் என்று சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியுங்கண்ணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும்தான்.

ஜூன் 3

காலையில் மாவு ஆட்ட உட்கார்ந்தால் கல் சுற்றவில்லை. அன்று சாக்கில் போட்டு இழுத்ததில் ஏதோ ஆகியிருக்கிறது. லீவு சொல்லிவிட்டு, எங்கள் ஆபீஸ் எண்ணுக்கே போன் செய்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"வணக்கமுங், என்ன உதவி வேணுமுங்?"

குரல் தெரிந்துவிட்டது. "கிரைண்டர் சுத்தலை" என்றேன்.

"அக்கா? சுகந்தியக்காங்களா?"

"பதிவாகுது. ஒழுங்காப் பேசு."

"சரிங்க்கா. சரிங் மேடம்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "யார் பேர்லங் வாங்கினது?"

"வீட்டுக்காரர் பேர்ல."

"அவர் எப்ப..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் இருந்தாள்.

"வரமாட்டார்" என்றேன். "மெக்கானிக் வரும்போது நான் மட்டும்தான் இருப்பேன்."

"இன்னொருக்கா சொல்லுங்க்கா."

சொன்னேன். இரண்டாவது தடவை இன்னும் தெளிவாக வந்தது.

"நீங்களே இருந்தாப் போதுமுங். உங்க பேர்லயே போட்டுக்கறேன். இனிஷியல் என்னங்க்கா?"

"எஸ்" என்றேன். அப்பா பெயர் சுப்பையன். "எஸ். சுகந்தி."

அடிக்கிற சத்தம் கேட்டது. நாளைக் காலை வருவார்கள் என்றாள். சட்டென்று போனை வைத்துவிட்டாள்.

'வேறு ஏதாவது உதவி வேண்டுமா' கேட்கவில்லை. இரண்டு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். வேண்டுமானால் மறுக்கட்டும்.